பிரிபடாத பாகம்

(சென்னையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வீடு வாங்குவது பற்றிப் பேசுங்கள் தோழர்" என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கூட்டங்களில் நிலம் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று பேசுவோம். மயானத்துக்குப் போகும் பாதை பற்றிப் பேசுவோம். ஃபிளாட் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. அது ஞாயிற்றுக்கிழமை விளம்பரப் பக்கத்துக்காரர்களின் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் முப்பது வயதை ஒட்டியவர்கள். சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் கை தூக்குங்கள் என்றால் எல்லாக் கையும் மேலே போகும். "நீங்க என்ன ஆளுங்க" என்ற கேள்வியைக் கேட்காதவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கை எழும் என்று தெரியாது.

நானும் என் இணையரும் மயிலாப்பூரில், கபாலீசுவரர் கோயில் குளத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். 460 சதுர அடி. இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய ஒரு சமையலறை. விலை 52 லட்சம். தேடியது பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தில் பார்த்ததையும், அதனால் படிக்க வேண்டி வந்ததையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

முதலில், ஏன் மயிலாப்பூர்? அந்தப் பணத்துக்குக் கேளம்பாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை, நீச்சல் குளம், காவலாளி எல்லாம் கிடைக்குமே என்று சொல்லாத ஆள் இல்லை. எங்கள் குடும்பம் மயிலாப்பூர்க் குடும்பம்தான். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் எங்கள் தாத்தா போட்ட குடிசையில் நான் பிறந்தேன். அம்மா மாடவீதிப் பக்கத்தில் நாலு வீட்டில் வேலை செய்தார். 2000-க்குப் பிறகு கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று எங்களைக் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். அம்மாவின் வேலை மயிலாப்பூரிலேயே இருந்தது. ஆள்தான் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பஸ் பிடித்து, மாடவீதியில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, பாத்திரம் தேய்த்து, மறுபடி பஸ் ஏறி வந்து எங்களுக்குச் சோறு வடிப்பார். ஓரிரு வருடத்தில் இரண்டு வீட்டு வேலை போனது, நேரத்துக்கு வர முடியவில்லை என்பதால்.

நகரத்தின் நடுப்பகுதி என்றால் என்ன என்பதை அந்த பஸ்ஸில்தான் நான் புரிந்துகொண்டேன். பெரிய அரசு மருத்துவமனைகள், ராணி மேரிக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, கன்னிமரா நூலகம், உயர் நீதிமன்றம், தலைமைச் செயலகம், கடற்கரை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒரு பெண் இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து தனியாக வீட்டுக்கு நடந்து போகக்கூடிய வெளிச்சமான தெரு அங்கேதான் இருக்கிறது. கண்ணகி நகர் என்று முகவரி போட்டால் வேலைக்கு எடுக்க யோசித்தார்கள், கடன் கொடுக்க யோசித்தார்கள் என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மையத்திலிருந்து உள்ள தூரம் என்பது தினமும் கட்டும் வரி. பணமாகக் கொஞ்சம், தூக்கமாக நிறைய.

இந்த இடத்தில் ஒரு வரலாறு. 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எந்த நகரத்திலும் கிராமத்திலும் உள்ள பொதுத் தெருவில் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றையும் குளத்தையும் அரசு அலுவலகத்தையும் எவரும் அணுகலாம் என்பது அதன் சாரம். அதே 1924-இல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காகப் போராட்டம் தொடங்கியது, பெரியார் சிறை போனார். யோசித்துப் பாருங்கள், தெருவில் நடப்பதற்கு ஒரு தீர்மானம் வேண்டியிருந்தது. அந்தத் தெருவில் இன்று யாரும் நம்மைத் தடுப்பதில்லை. அறுபத்துமூவர் விழா அன்று மாடவீதியில் நிற்கிற கூட்டத்தில் யார் எந்தச் சாதி என்று சாமிக்கே தெரியாது. நடக்கலாம், நிற்கலாம், நீர்மோர் குடிக்கலாம். சாயங்காலம் வீடு திரும்பும்போது மட்டும் அவரவர் வேறு வேறு பஸ் ஏற வேண்டும்.

மயிலாப்பூர் எப்போதும் ஒரே சாதியின் ஊராக இருந்ததும் இல்லை. போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டிலேயே வந்து இறங்கிய சாந்தோம் அதன் ஒரு ஓரம். கச்சேரி சாலையில் மசூதி இருக்கிறது. கோயில் குளத்துக்கு இடம் கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் என்று அந்த ஊரிலேயே சொல்வார்கள், மொகரம் அன்று இஸ்லாமியர்கள் அந்தக் குளத்துக்கு வருவதும் உண்டு. கடலோரம் நொச்சிக்குப்பம் இருக்கிறது. கால்வாய்க் கரை முழுக்க நாங்கள் இருந்தோம். "பாரம்பரிய மயிலாப்பூர்" என்று புகைப்படப் புத்தகம் போடுகிறவர்கள் நாலு தெருவைப் படம் எடுத்துவிட்டு ஊர் முழுக்க அதுதான் என்கிறார்கள். உயர் நீதிமன்ற வக்கீல்களின் பங்களாக்களும் அவர்களின் அரசியலும் சேர்ந்து "மயிலாப்பூர்" என்ற சொல்லையே ஒரு சாதியின் செல்வாக்குக்குப் பெயராக ஆக்கிய காலம் ஒன்று இருந்தது. நீதிக்கட்சிக்காரர்கள் அந்தச் சொல்லைச் சும்மா திட்டவில்லை.

சரி, வீடு தேடிய கதைக்கு வருகிறேன்.

முதல் கேள்வி எப்போதும் "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" இது ஏதோ மூக்கு சம்பந்தப்பட்ட பிரச்சினை என்று நினைக்காதீர்கள். இந்திய அரசின் பதிவாளர் தலைமையகம் 2014-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டவர்கள் இறைச்சி உண்பவர்கள். 97 பேரை வெளியே நிறுத்தும் ஒரு விதியை உணவுப் பழக்கம் என்று சொல்வதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். வாடகை வீடு என்றாலாவது "எங்க சமையலறை" என்று சொல்லலாம். விற்ற பிறகு அது யாருடைய சமையலறை? இதை ஒரு புரோக்கரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், சங்கடப்பட்டார். "தப்பா நினைக்காதீங்கம்மா, ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அசோசியேஷன்ல கேப்பாங்க" என்றார்.

எல்லாப் பழியையும் சைவச் சமையலறைகள் மீதே போட்டுவிட்டுப் போகவும் நான் தயாராக இல்லை. மந்தைவெளிப் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். உள்ளே நுழையும்போதே ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை. எனக்கு மனசு நிறைந்துவிட்டது, இங்கே அந்தக் கேள்வி வராது என்று. அந்தக் கேள்வி வரவில்லை. "சொந்த ஊர் எது?" வந்தது. "சென்னைதான்" என்றேன். "அதுக்கு முன்னாடி?" "செங்கல்பட்டுப் பக்கம்." "அங்க எந்தத் தெரு?" என் இணையர் சிரித்துக்கொண்டே "அம்பேத்கர் தெரு" என்றார். உண்மையிலேயே அவர் அப்பா பிறந்த தெருவுக்கு அதுதான் பெயர். வீட்டுக்காரர் காபி கொடுத்து அனுப்பினார். மறுநாள் புரோக்கர் போன் செய்து, "அவரு பையன் வீட்ட விக்க வேணாம்னு சொல்லிட்டாராம்" என்றார். மூன்று மாதம் கழித்தும் அந்த வீடு அதே விலைக்கு விளம்பரத்தில் இருந்தது. பெரியார் பெயரை மூச்சுக்கு மூச்சு சொல்லுகிற சாதிகளும் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கின்றன. இதை நம் மேடையில் சொல்லாவிட்டால் வேறு எந்த மேடையில் சொல்வது?

என்னோடு வேலை பார்க்கும் இஸ்லாமியத் தோழி ஒருத்தி சொல்வாள்: "உனக்காவது ரெண்டு மூணு கேள்வி கேக்குறாங்க. எனக்குப் பேரைச் சொன்னதும் போன் வெச்சிடுறாங்க." தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீட்டுச் சந்தையை ஆய்ந்து 2015-இல் எழுதியதும் இதையேதான். ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி சம்பளம், பெயர் மட்டும் வேறு. தலித் பெயருக்குக் கதவு குறைவாகத் திறந்தது, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவாக. திரினா விதயத்திலும் காயத்ரி சிங்கும் 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஏழு பெருநகரங்களைப் பார்த்தார்கள், சென்னையும் அதில் உண்டு. பணக்காரன் ஏழை என்று நகரம் பிரிந்திருப்பதைவிடச் சாதியால்தான் அதிகம் பிரிந்திருக்கிறது என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்று நம்புகிற நண்பர்கள் அதைப் படிக்க வேண்டும்.

அம்பேத்கரின் பரோடா அனுபவம் உங்களுக்குத் தெரியும். 1917-இல், அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பி, சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகத்தில் சேருகிறார். தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றுகிறார்கள். அவர் உதவி கேட்டுப் போன இரண்டு நண்பர்கள்தான் எனக்கு அந்தக் கட்டுரையில் முக்கியம். இருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர், நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். இன்னொருவர், என் மனைவியைக் கேட்க வேண்டும் என்கிறார். இருவருமே தனக்கு ஆட்சேபம் என்று சொல்லவில்லை. ஆட்சேபம் எப்போதும் பக்கத்து அறையில் இருக்கிற யாரோ ஒருவருக்குத்தான். "அசோசியேஷன்ல கேப்பாங்க" என்ற குரலை நான் கேட்டபோது, நூறு வருடமாக அந்தப் பக்கத்து அறை காலியாகவே இல்லை என்று தோன்றியது.

பணத்துக்கு வருவோம். இதை யாரும் நம் பிள்ளைகளுக்கு உட்கார வைத்துச் சொல்வதில்லை, அதனால் கணக்கோடு சொல்கிறேன். 52 லட்சம் வீட்டுக்கு வங்கி எவ்வளவு தரும்? கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சத்துக்குள் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 80 விழுக்காடு வரைதான். 41 லட்சத்து 60 ஆயிரம். மீதி 10 லட்சத்து 40 ஆயிரம் நம் கையிலிருந்து. அதோடு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 4 லட்சத்து 68 ஆயிரம். இதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. புரோக்கர், வக்கீல், சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்தால் 16 லட்சம் ரொக்கமாகக் கையில் இல்லாமல் வீட்டு வாசலில் கால் வைக்க முடியாது. மாதத் தவணை 36 ஆயிரம் சொச்சம், இருபது வருடம். இரண்டு பேர் சம்பளத்தில் மாதத் தவணையைக் கட்டிவிடலாம். அந்த 16 லட்சம்தான் கேள்வி.

எங்கள் கட்டடத்தில் வீடு வாங்கிய இன்னொரு இளம் தம்பதியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். பையனின் தாத்தா மாம்பலத்தில் வைத்திருந்த மனையை விற்று நாலு பேரப்பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்தாராம். இயல்பாகச் சொன்னார், பெருமைகூட இல்லை. எங்களுக்கு அந்த 16 லட்சம் எப்படி வந்தது தெரியுமா? ஒன்பது வருடச் சீட்டு, என் நகை, இணையரின் வருங்கால வைப்பு நிதியில் எடுத்தது, என் தங்கை கொடுத்த ஒன்றரை லட்சம். எங்கள் தாத்தாவும் மயிலாப்பூரில்தான் வீடு வைத்திருந்தார். அதற்குப் பட்டா இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கல்வியில், வேலையில் இடஒதுக்கீடு நம்மைச் சம்பளம் வரை கொண்டுவந்து விட்டிருக்கிறது. தாத்தாவின் மனையை எந்த இடஒதுக்கீடும் தராது. தகுதி, உழைப்பு என்று பேசுகிறவர்களிடம் "முன்பணம் யார் கொடுத்தார்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியில் எங்களுக்கு வீடு விற்றவர் ஒன்றும் புரட்சிக்காரர் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், அவர் கிளம்ப வேண்டும், விலை படிந்தது. சங்கத்திலிருந்து அவருக்கு போன் போனது எங்களுக்குத் தெரியும். "நான் விக்கிறேன், அவா வாங்கறா, நடுவுல உங்களுக்கு என்ன?" என்று கேட்டாராம். வக்கீல் நூறு பக்கத்தில் எழுதித் தரக்கூடியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பத்திரம் பார்க்கிற நாள் எனக்கு மிகவும் பிடித்த நாள். ஃபிளாட் வாங்கும்போது கட்டடம் உங்களுக்கு, மண்ணில் மட்டும் "இந்த மூலை உன்னுடையது" என்று எதுவும் கிடையாது. மொத்த மனையில் ஒரு பங்கு. பத்திரத்தில் அதைப் "பிரிபடாத பாகம்" என்று எழுதுவார்கள். புரோக்கர்கள் யு.டி.எஸ். என்பார்கள். எங்கள் மனை இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி. பதினொரு வீடு. எங்கள் பாகம் 300 சதுர அடி, பதினாறில் ஒன்று. எந்த 300? படிக்கட்டுக்கு அடியிலா, பம்பு செட்டுக்கு அடியிலா, கீழ்வீட்டுத் துளசி மாடத்துக்கு அடியிலா? எல்லாவற்றுக்கும் அடியில். ஒவ்வொரு பிடி மண்ணிலும் எல்லோருக்கும் பங்கு. சாதி இந்துவின் மண்ணையும் சேரியின் மண்ணையும் தனித்தனியாகவே பார்த்துப் பழகிய நாட்டில் இப்படி ஒரு சட்டச் சொல் இருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

தாய்ப் பத்திரத்தின் நகலில் பழைய கைமாற்றங்கள் வரிசையாக இருந்தன. 1938, 1961, பிறகு கட்டடம் எழும்பிய 1984. பழைய பத்திரங்களில் பெயர், தகப்பனார் பெயர், அதோடு சாதியும் எழுதியிருக்கிறது, அடையாளத்துக்காம். 1984-க்குப் பிறகு சாதி எழுதுவது நின்றுவிட்டது, பெயரின் வாலில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் என் பெயரும் என் அம்மா பெயரும் வருகின்றன. தகப்பனார் பெயர் போடும் இடத்தில் அம்மா பெயர் போடுங்கள் என்றேன். எழுத்தர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார்.

நடைமுறை விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரிக் கோயிலைச் சுற்றிய பழைய பகுதிகளில் மண் கோயிலுடையதாகவும் கட்டடம் மட்டும் ஆளுடையதாகவும் இருக்கலாம். அந்த மண்ணை அனுமதியில்லாமல் எழுதிக் கொடுத்தால் பதிவு செய்ய முடியாது, பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவு தடுக்கிறது. வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள், பட்டா யார் பெயரில் என்று பாருங்கள், பிரிபடாத பாகங்களைக் கூட்டினால் மனையின் மொத்த அளவு வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். வீடு பழசு என்பதால் பாகம்தான் சொத்து. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். மெட்ரோ வேலை நடக்கிற ஊரில் இந்தப் பேச்சு தினமும் நடக்கிறது. அதனால் அந்த அறையில் நமக்கு ஒரு ஓட்டு இருப்பது சாதாரண விஷயம் அல்ல.

இனிச் சட்டம். அரசமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, சாலை என்று பட்டியல் போடுகிறது. வீடு அதில் இல்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் தற்காப்பு என்று அதற்கு வாதம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரும்பான்மைச் சாதிகள் அந்தக் கதவு வழியாக எவ்வளவு சுலபமாக நுழையும் என்று யோசித்தாலே போதும்.

ஆனால் நம்மிடம் வேறு ஒரு சட்டம் இருக்கிறது, நம்மில் பலர் திறந்தே பார்க்காதது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955. அதன் 4-ஆவது பிரிவு தீண்டாமையின் பெயரால் எந்தெந்த விஷயத்தில் தடை போடுவது குற்றம் என்று அடுக்குகிறது. அதில் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவது, வாங்குவது, குடியிருப்பது என்பதும் இருக்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 12-ஆவது பிரிவு இன்னும் முக்கியம். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு எதிராக அந்தச் செயல் நடந்திருந்தால், அது தீண்டாமையின் காரணமாகத்தான் நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. டீக்கடை இரட்டைக் குவளைக்கு இந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு போன நாம், ஃபிளாட் வாசலுக்கு ஏன் எடுத்துக்கொண்டு போவதில்லை? ஒரு காரணம், யாரும் "சாதிக்காக மறுக்கிறேன்" என்று சொல்வதில்லை. "பையன் வேணாம்னுட்டான்" என்பார்கள். அதனால் பேச்சை வாட்ஸ்அப்புக்குக் கொண்டு வாருங்கள். "சங்கம் ஒப்புக்கொள்ளாது என்று நேற்றுச் சொன்னீர்கள், காரணம் எழுதி அனுப்ப முடியுமா?" என்று கேளுங்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். வாங்கிய பத்திரத்தைப் பதிய சங்கத்தின் சம்மதக் கடிதம் எதுவும் நாங்கள் கொடுக்கவில்லை, சார்பதிவாளரும் கேட்கவில்லை. சங்கத்துக்கு இருப்பதாக நாம் நினைக்கிற அதிகாரத்தில் பாதி நம் பயத்தில் இருக்கிறது. இதையும் சொல்கிறேன்: தனியார் விற்பனையிலும் வாடகையிலும் சாதி, மதம் கேட்பதை நேரடியாகத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் ஒன்று வேண்டும். இப்போதைய சட்டம் முஸ்லிம் தோழிக்கு உதவாது.

என்னிடம் ஒரு தோழர் கோபமாகவே கேட்டார்: "அக்கிரகாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்வதற்கு ஏன் இத்தனை பாடு? அவர்கள் அங்கீகாரம் வேண்டுமா?" நியாயமான கேள்வி. அம்பேத்கர் 1930-களின் தொடக்கத்தில் பம்பாயில் தாதர் பகுதியில் தன் வீட்டைக் கட்டினார். ராஜகிருகம். அந்தக் குடியிருப்புக்குப் பெயரே இந்து காலனி. தன் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்று கட்டினார், பக்கத்து வீட்டாரின் அங்கீகாரத்துக்காகக் கட்டவில்லை. எனக்கும் அப்படித்தான், புத்தகங்கள் மட்டும் கொஞ்சம் குறைவு. மருத்துவமனையிலிருந்து இருபது நிமிடத்தில் வீட்டுக்கு வர வேண்டும், அம்மா முழங்கால் வலிக்கு நடந்தே டாக்டரைப் பார்க்க வேண்டும், என் மகள் பஸ்ஸில் தூங்காமல் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

அந்தத் தோழரின் கேள்வியில் இன்னொரு பாதி இருக்கிறது, அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு குடும்பம் 16 லட்சம் புரட்டி மையத்துக்குத் திரும்பியதால் மற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் திரும்பியதாக ஆகாது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டுவதுதான் வழியாக இருந்தது. கடலோரக் குப்பங்களில் அந்தக் கட்டடங்களை இன்றும் பார்க்கலாம். பிறகுதான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே வரிசை வரிசையாக எழுந்தன. 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 2022 மே மாதம், மயிலாப்பூரை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். நான் வாங்கிய வீட்டிலிருந்து அந்த இடம் நடந்து போகிற தூரம். இருந்த இடத்திலேயே வீடு என்ற கோரிக்கைதான் முதன்மையானது. என்னைப் போன்றவர்கள் காசு கொடுத்து வாங்குவது அதற்கு மாற்று இல்லை. ஆனால் அந்தக் கோரிக்கைக்காக உள்ளேயிருந்து பேச நாலு வீடுகள் அதிகம் இருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. பெரிய சண்டை எதுவும் இல்லை. முதல் மாதம் சங்கச் செயலாளர் மேலே வந்து, மிகவும் மரியாதையாக, "ஞாயித்துக்கிழமை மட்டும் ஜன்னலைச் சாத்திக்க முடியுமா?" என்று கேட்டார். "சார், உங்க சாம்பார் வாசனை எங்க வீட்டுக்கு வருது, நாங்க ஜன்னலைச் சாத்தல. நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. கண்ணகி நகரிலிருந்து வந்த என் அத்தைதான் பயந்தார். "ஏன்டி, கருவாடு வறுத்தா போலீஸ் வருமா?" அம்மா அவரைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் வாணலியை அடுப்பில் வைத்தார். போலீஸ் வரவில்லை. மூன்றாவது வீட்டுப் பாட்டி மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கதவைத் தட்டினார்.

எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒருவர் பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். காலை ஆறரை முதல் பதினொன்று வரை இங்கேயே இருக்கிறார். கீழே காவலாளியின் கழிப்பறை ஒன்று உண்டு, அது பூட்டியிருக்கும். சாவி சங்கத்தில். நாலு வீட்டிலும் கழிப்பறைகள் இருக்கின்றன, அவர் கழுவுவதற்கு, பயன்படுத்துவதற்கு அல்ல. அம்மா அவரை முதல் வாரமே கவனித்துவிட்டார், அவருக்கு அந்த நடையும் அந்த அவசரமும் தெரியும். இப்போது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறார். ஆனால் எங்கள் வீடு பூட்டியிருக்கும் நாட்களும் உண்டு.

சங்கத்தின் அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. நிகழ்ச்சி நிரலில் முதலாவது இடித்துக் கட்டுவது பற்றி ஒரு பில்டர் கொடுத்த கடிதம். இரண்டாவது தண்ணீர் லாரிக் கணக்கு. மூன்றாவது, வேலைக்கு வருகிறவர்களுக்குக் கீழ்த்தளக் கழிப்பறையின் சாவி. நான் எழுதிக் கொடுத்தது. பதினொரு ஓட்டில் இதுவரை மூன்று உறுதியாக இருக்கிறது, ரத்த அழுத்தப் பாட்டியையும் சேர்த்து. கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே.